90-களின் பஸ் பாட்டுகள்: 30 வருஷம் கழிச்சும் ஏன் ஓடுது?

திண்ணைக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

லோகேஷ் கனகராஜ் படங்கள்ல வந்த பழைய பாட்டுகளை வரிசையா எடுத்துப் பாருங்க. ‘கைதி’யில (2019) ‘மறுபடியும்’ படத்து ‘ஆசை அதிகம் வச்சு’, ‘என் சுவாசக் காற்றே’ படத்து ‘ஜும்பலக்கா’. ‘விக்ரம்’ல (2022) ஆதித்யன் போட்ட ‘சக்கு சக்கு வத்திக்குச்சி’, அது 1995-ல வந்த ‘அசுரன்’. ‘லியோ’வுல ‘கரு கரு கருப்பாயி’, கூடவே ‘பசும்பொன்’ படத்து ‘தாமரைப் பூவுக்கும்’.

இதுல பாதியை எந்த ‘காலத்தால் அழியாத பாடல்கள்’ பட்டியல்லயும் நான் பார்த்ததில்ல. விமர்சகர்கள் எழுதினதில்ல, மேடைக் கச்சேரியில உருகிப் பாடினதில்ல. ஆனா தியேட்டர்ல முதல் ரெண்டு செகண்ட் கீபோர்டு கேட்டதுமே மொத்தக் கூட்டமும் கத்துது. அப்ப இத்தனை வருஷமா இந்தப் பாட்டை யாரோ எங்கேயோ உயிரோட வச்சிருந்திருக்காங்க. என் சந்தேகம் பஸ் டிரைவர்கள் மேல.

ராஜாவும் ரஹ்மானும் நிக்கிறதுல ஆச்சரியம் இல்ல. ஆதித்யன், சிற்பி, சௌந்தர்யன், எஸ்.ஏ.ராஜ்குமார், தேவா இவங்க எப்படி நின்னாங்க? அதைப் பேசலாம்னுதான் இந்த இழை.

கறார்

முதல்ல ஒரு திருத்தம். ‘கரு கரு கருப்பாயி’ வந்த ‘ஏழையின் சிரிப்பில்’ 2000-த்துல வந்த படம். 90-கள் இல்ல.

திண்ணைக்காரன்

தேவா இசையில 90-கள் 2003 வரைக்கும் ஓடிச்சு ஐயா. விடுங்க.

ஏர்ஹாரன்

நானு தனியார் பஸ் ஓட்டறவனுங்க. கோபி, கவுந்தப்பாடி, ஈரோடு லைனு. பாட்டு எப்படி வைக்கறோம்னு சொல்றேன், அப்பறம் நீங்களே முடிவு பண்ணிக்குங்க.

காலையில முதல் டிரிப்புக்கு சாமி பாட்டு. ரெண்டு மூணோட நிறுத்திக்கணும், இல்லீன்னா கண்டக்டரே திட்டுவாரு. எட்டு மணிக்கு காலேஜ் புள்ளைக, மில்லு ஆளுக, ஆபீஸ் போறவங்க எல்லாம் ஒண்ணா ஏறுவாங்க. இங்கதான் சிக்கலு. புதுப் பாட்டு வச்சா பத்துப் பேருக்குப் புடிக்கும், பத்துப் பேரு மூஞ்சியச் சுளிப்பாங்க. ரொம்பப் பழசு வச்சா ‘அண்ணா, மாத்துங்ணா’ன்னு பின்னாடி சீட்டுல இருந்து சத்தம் வரும். ‘நலம் நலமறிய ஆவல்’ வச்சா ஒருத்தரும் ஒண்ணும் சொல்றதில்லீங்க. ‘மலரே மௌனமா’ வச்சாலும் அப்படித்தான். யாரும் கொறை சொல்லாத பாட்டுதான் எங்களுக்கு நல்ல பாட்டு.

இன்னொண்ணு சத்தம். இஞ்சினு, ஜன்னல் கண்ணாடி, விசிலு, பேச்சு எல்லாத்துக்கும் மேல பாட்டு கேக்கணும். இப்ப வர்ற பாட்டுல குரல் உள்ள அமுங்கிக் கெடக்குது. வாலியூம் ஏத்துனா சீட்டு அதிருது, குரலு அப்பவும் வர்றதில்ல. மனோ பாடுனாப் பாருங்க, கடைசி சீட்டுல தூங்கற ஆளுக்கும் வார்த்தை வெளங்கும்.

மத்தியானம் கூட்டம் கம்மி. அப்ப ராஜா. அது எனக்கு.

மிக்ஸர்

ஏர்ஹாரன் அண்ணன் சொன்ன கடைசி விஷயம் சரிதான், ஏன்னு சொல்றேன் (ஒலிப்பதிவுக்கூடத்துல வேலை).

அந்தக் காலத்து மிக்ஸ் எல்லாம் கேசட்டை மனசுல வச்சுச் செஞ்சது. கேசட்ல ரொம்ப ஆழமான பேஸ் நிக்காது, உச்சியில இருக்கிற சலங்கைச் சத்தமும் மங்கிடும், பின்னாடி டேப் இரைச்சல் வேற. மிச்சம் இருக்கிறது நடுப்பகுதி. குரல், புல்லாங்குழல், வயலின், கீபோர்டு மெட்டு எல்லாத்தையும் அங்கதான் தெளிவா உட்கார வைக்கணும். பஸ் இஞ்சினோட உறுமல் கீழ்ப்பகுதியில. ரெண்டும் மோதிக்கிறதில்ல. இன்னைக்கு நாங்க மிக்ஸ் பண்றது காதுக்குள்ள செருகுற இயர்போனுக்கும் நல்ல தியேட்டருக்கும். அதே பாட்டை டவுன் பஸ் ஸ்பீக்கர்ல போட்டா பாதி காணாமப் போயிடும்.

ரஹ்மான் வந்த பிறகு பேஸ் மாறிச்சு, அது உண்மை. 1992-ல வீட்டுப் பின்பக்கம் பஞ்சதன் ஸ்டுடியோ கட்டி ‘ரோஜா’ வேலை செஞ்சப்ப அவர் கொண்டுவந்த சுத்தமும் அடியும் அதுக்கு முன்னாடி நம்ம கேசட்ல கேட்டதில்ல. ஆனா அவரும் குரலை முன்னாடிதான் நிறுத்தினார். ‘சின்னச் சின்ன ஆசை’யில மின்மினி குரலைச் சுத்தி எவ்வளவு காலி இடம் விட்டிருக்கார்னு கேளுங்க.

அரசி_05

அங்கிள்ஸ், ஒரு சின்னக் குரல். நான் 2005-ல பிறந்தவ. எனக்கு நாஸ்டால்ஜியா எல்லாம் கிடையாது, கேசட்டை கையில தொட்டதே இல்ல. ‘அழகிய லைலா’ எனக்கு வந்தது ஒரு மலையாளப் படத்துல இருந்து. 2024-ல ‘குருவாயூர் அம்பலநடையில்’ வந்துச்சுல்ல, அதுல நிகிலா விமல் வர்றப்ப போடுவாங்க. அப்புறம் ஒரு மாசம் ரீல்ஸ் பூரா அதுதான். ‘உள்ளத்தை அள்ளித்தா’ பார்த்தது அதுக்கு அப்புறம்.

‘கண்மணி அன்போடு’ அதே மாதிரி ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ல இருந்து. நீங்க எல்லாம் அதைக் காதல் பாட்டுன்னு சொல்றீங்க. எங்க கேங்குக்கு அது நண்பனைக் குழியில இருந்து தூக்குற பாட்டு. மனிதர் உணர்ந்து கொள்ள இது மனிதக் காதல் அல்லன்னு வர்ற இடத்துல என் ஃபிரெண்டு தியேட்டர்ல அழுதுட்டா. அந்த வரி அவ காதுல முதல்முறையா விழுந்ததே அப்பத்தான்.

கறார்

இதைத்தான் நான் சொல்ல வந்தேன். பாட்டு தானா நிக்கல, நிறுத்தப்படுது. புதுப் படத்துல ஒரு இயக்குநர் எடுத்துப் போடலைன்னா ‘சக்கு சக்கு’வை எத்தனை பேருக்குத் தெரியும்? இந்த இயக்குநர்களோட வயசைப் பாருங்க. அவங்க ஸ்கூல் படிச்சப்ப கேட்ட பாட்டைத்தான் படத்துல வைக்கிறாங்க. அடுத்த தலைமுறை இயக்குநர் வந்தா 2005 பாட்டு வரும். நாம ‘காலத்தை வென்றது’ன்னு தீபம் ஏத்திட்டு இருப்போம்.

இன்னொண்ணு. அந்தப் பத்து வருஷத்துல வந்த குப்பையை எல்லாம் மறந்துட்டுப் பேசுறோம். ரெட்டை அர்த்தப் பாட்டு எத்தனை? பொண்ணு பின்னாடி விரட்டிப் பாடுற பாட்டு எத்தனை? வெளிநாட்டு மெட்டை நோகாம எடுத்துத் தமிழ் வரி போட்டது எத்தனை? அதெல்லாம் உதிர்ந்து போச்சு. மிச்சத்தை வச்சுக்கிட்டு பொற்காலம்னு சொல்றோம்.

ஆய்வுப்புலி

கறார் சொல்ற வயசு விஷயத்துக்கு ஆதாரம் இருக்கு. 2018-ல சேத் ஸ்டீபன்ஸ் டேவிடோவிட்ஸ்னு ஒரு அமெரிக்கத் தரவு ஆய்வாளர் ஸ்பாட்டிஃபை தரவை வச்சு எழுதினார். ஆண்களுக்கு ஏறக்குறைய 14 வயசுலயும் பெண்களுக்கு 13 வயசுலயும் வெளிவந்த பாட்டுகள்தான் பின்னாடியும் பிடிச்ச பாட்டா நிக்குதுன்னு.

ஆனா அரசியோட கேஸுக்கு அது போதாது. 2013-ல கார்னெல் பல்கலைக்கழகத்துல கேரல் க்ரம்ஹான்ஸலும் ஜஸ்டின் ஸுப்னிக்கும் ஒரு ஆய்வு பண்ணாங்க. இருபது வயசை ஒட்டினவங்களுக்குப் பல பத்தாண்டுகளோட ஹிட் பாட்டுகளைப் போட்டுக் காட்டினா, அவங்க காலத்துப் பாட்டுக்கு மட்டும் இல்ல, அப்பா அம்மா இளவயசுல இருந்தப்ப வந்த பாட்டுக்கும் நினைவும் பிடிப்பும் தனியா எகிறுது. 60-களின் பாட்டுக்கும் அதே மாதிரி ஒரு எகிறல். வீட்டுல ஓடினது குழந்தைக்கு ஒட்டிக்குதுன்னு விளக்கம். அரசி, உங்க வீட்டுக் கார்ல என்ன ஓடிச்சு?

அரசி_05

...எஸ்.ஏ.ராஜ்குமார். அப்பா ‘சூர்யவம்சம்’ வெறியர். சரி சரி, புரியுது.

மொட்டைமாடி மன்னன்

அந்த ‘லலலலா’ கோரஸ் இல்லாம விக்ரமன் படம் ஏது! இட்லி உப்புமா சீன் மீம்ல வந்தாலே என் காதுல தானா ‘லலலா’ ஓடுது.

ரெக்கார்டிங் சென்டர்

திண்டுக்கல்ல அப்பா ரெக்கார்டிங் சென்டர் வச்சிருந்தார். கறார் ‘நிறுத்தப்படுது’ன்னு சொன்னதுல எனக்குச் சம்மதம், ஆனா நிறுத்தினது இன்னைக்கு இயக்குநர் இல்ல. 90-கள்லயே நிறுத்திட்டாங்க.

ரெண்டு வழி. முதல் வழி, கம்பெனி கேசட்டே பல சமயம் ரெண்டு படத்துக்குச் சேர்த்துத்தான் வரும். ஏ பக்கம் பெரிய படம், பி பக்கம் பேர் தெரியாத படம். ஏ பக்கம் முடிஞ்சதும் ரீவைண்ட் பண்றதை விடத் திருப்பிப் போடுறது சுலபம். தியேட்டர்ல ஒரு வாரம்கூட ஓடாத படத்தோட அஞ்சு பாட்டும் அப்படியே வீட்டுக்குள்ள வந்து உட்கார்ந்துடும். படத்தைப் பார்க்காதவங்களுக்கும் பாட்டு மனப்பாடம். ஆதித்யனும் சௌந்தர்யனும் இப்படி எத்தனை வீட்டுக்குள்ள போயிருப்பாங்க!

ரெண்டாவது வழியை இதுவரைக்கும் யாரும் எழுதிப் பார்க்கல. கஸ்டமர் ஒரு நோட்டுப் பேப்பர்ல லிஸ்ட் எழுதிக் கொடுத்துட்டுப் போவாங்க. 60 நிமிஷ கேசட் பெரும்பாலும், காசு உள்ளவங்க 90. லிஸ்ட் முடிஞ்சு பக்கத்தோட கடைசியில நாலஞ்சு நிமிஷம் டேப் காலியா இருக்கும். வெத்தா விட்டா ‘டேப் வேஸ்ட் பண்ணிட்டீங்க’ன்னு வந்து நிப்பாங்க. அதனால அங்க அப்பா தன் இஷ்டத்துக்கு ஒரு பாட்டு போடுவார். ‘சேரன் பாண்டியன்’ படத்து ‘காதல் கடிதம் வரைந்தேன்’ எங்க கடையில இருந்து போன கேசட்ல எல்லாம் எங்கயாவது ஒரு மூலையில இருக்கும். யாரும் கேட்டு வாங்கினது இல்ல. பிற்பாடு கேட்டு வாங்க ஆரம்பிச்சாங்க. அந்த ஊர்ல அந்தப் பாட்டு ஹிட்டானதுல எங்க அப்பாவுக்குப் பங்கு உண்டுன்னு நான் இன்னைக்கும் நம்புறேன். சௌந்தர்யன் சாருக்கு இது தெரியாது.

திண்ணைக்காரன்

அருமை. இதுக்காகவே இழை தொடங்கினது வீண் போகல. அப்ப ஹிட்டைத் தீர்மானிச்சது ரேடியோ, பத்திரிகை மட்டும் இல்ல. காலி டேப்பை நிரப்பின கடைக்காரர், யாரையும் பகைச்சுக்காத டிரைவர், ரெண்டு படத்தை ஒண்ணா ஒட்டின கேசட் கம்பெனி.

கறார்

டிவியை விட்டுட்டீங்க. தூர்தர்ஷன்ல வெள்ளிக்கிழமை ராத்திரி ‘ஒளியும் ஒலியும்’ போட்டா தெருவே வெறிச்சுன்னு இருக்கும். 1993 ஏப்ரல்ல சன் டிவி வந்த பிறகு ‘பெப்சி உங்கள் சாய்ஸ்’. போன் லைன் கிடைக்கிறதே பெரிய விஷயம், கிடைச்சவர் கேட்ட பாட்டை மொத்தத் தமிழ்நாடும் ஒரே நேரத்துல பார்த்துச்சு. பிடிச்சாலும் பிடிக்கலைன்னாலும் எல்லாருக்கும் அதே பாட்டு. இன்னைக்கு என் போன்ல ஓடுறது என் பொண்டாட்டிக்குத் தெரியாது. பொதுவா ஒரு பாட்டு இருந்த கடைசிப் பத்தாண்டு அதுன்னு வேணா ஒத்துக்கிறேன். தரம்னு சொன்னா ஒத்துக்க மாட்டேன்.

கமலம்

தரம்னா என்னன்னு கறார் தம்பிக்கு ஒரு குரலைக் காட்டறேன். ஸ்வர்ணலதா.

1991-லேர்ந்து ஆரம்பிங்கோ. ‘கேப்டன் பிரபாகரன்’ல ‘ஆட்டமா தேரோட்டமா’. அதே வருஷம் ‘சின்னத்தம்பி’ல ‘போவோமா ஊர்கோலம்’, ‘தர்மதுரை’ல யேசுதாஸோட ‘மாசி மாசம்’. 93-ல ‘உசிலம்பட்டி பெண்குட்டி’. 94-ல ‘முக்காலா’. அதே 94-ல ‘கருத்தம்மா’வுக்குப் ‘போறாளே பொன்னுத்தாயி’, அதுக்குத் தேசிய விருது. 2000-த்துல ‘அலைபாயுதே’ படத்து ‘எவனோ ஒருவன்’. இதெல்லாம் ஒரே பொண்ணு பாடினதுன்னு யாராவது சொல்லாட்டா நம்புவேளா? கிளப்புல ஆடற பொண்ணு, வயல்ல நடக்கற பொண்ணு, ராத்திரி தூங்காம முழிச்சிண்டிருக்கற பொண்ணு. ஒவ்வொருத்திக்கும் ஒரு தனி மூச்சு. சங்கதி போட்டுக் காட்டி மிரட்டவே மாட்டா. வரியை முடிக்கற இடத்துல குரலைக் கொஞ்சம் பின்வாங்குவா, அவ்வளவுதான்.

நான் பாட்டு வாத்தியார். பிள்ளைகள் ‘போறாளே’ பாடிக் காட்டும்போது சுருதி எல்லாம் சரியா இருக்கும், அந்தப் பின்வாங்கல் மட்டும் வராது. 2010-ல 37 வயசுல போயிட்டா. மேடையில ராஜாவுக்கும் ரஹ்மானுக்கும் கைதட்டறச்சே இவ பேரை அறிவிப்பாளர் சொல்றதே இல்லை. அது எனக்கு ரொம்ப நாள் ஆத்திரம்.

மிக்ஸர்

கமலம் அம்மா, கும்பிடுறேன். அதே வரிசையில சாகுல் ஹமீது. ‘உசிலம்பட்டி’, ‘செந்தமிழ்நாட்டுத் தமிழச்சியே’, ‘ஊர்வசி’. அவரும் 90-கள்லயே விபத்துல போயிட்டார். 2024-ல ‘லால் சலாம்’ படத்து ‘திமிறி எழுடா’வுக்கு அவர் குரலையும் மறைந்த பாடகர் பம்பா பாக்யா குரலையும் ஏஐ வச்சு ரஹ்மான் கொண்டுவந்தார், குடும்பத்துக்கிட்ட அனுமதி வாங்கி, பணமும் கொடுத்து. தொழில்நுட்பம் பிரமாதம். நான் ஒரு தடவைக்கு மேல கேட்கல.

‘ஊர்வசி’ன்னதும் ஒண்ணு. 2014-ல அமெரிக்கப் பாடகர் வில்.ஐ.ஆம் அதை எடுத்துக் கோடி வைஸோட ஒரு பிறந்தநாள் பாட்டு போட்டார். அது பிரிட்டன்ல முதலிடத்துக்குப் போச்சு. 20 வருஷத்துக்கு முன்னாடி கோடம்பாக்கத்துல போட்ட மெட்டு. அதுக்கு எந்தத் தமிழ் நாஸ்டால்ஜியா காரணம், கறார்?

கறார்

நல்ல மெட்டு. நல்ல மெட்டே இல்லைன்னு நான் எப்பச் சொன்னேன்?

டைனமோ

வணக்கம். நான் கனடா ஸ்காபரோவில இருந்து எழுதுறன். யாழ்ப்பாணத்தில பிறந்து வளந்தனான். நீங்கள் எல்லாரும் கேசட், டிவி எண்டு கதைக்கிறியள். எங்களுக்கு 90-களின்ர முதல் பாதியில கரண்டே இல்லை. பொருளாதாரத் தடையால பற்றரியும் உள்ள வராது, வந்தாலும் விலை கேக்கேலாது.

சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைக் கையால சுத்தி, டைனமோவில இருந்து வயர் இழுத்து ரேடியோவுக்குக் குடுப்பம். திருச்சி வானொலி எங்களுக்கு நல்லாக் கேக்கும். ஒராள் சுத்த வேணும், மற்ற ஆக்கள் கேக்க வேணும். சுத்திறவர் களைச்சால் பாட்டு இழுபடும். தம்பிமாரோட முறை வைச்சுச் சுத்தினது. பிடிக்காத பாட்டு வந்தால் சுத்திறதை நிப்பாட்டிப் போடுவன், அண்ணா ஏசுவார்.

அதால எனக்கு அந்தக் காலத்துப் பாட்டு எண்டால் கையில தெரியும். ‘ராக்கம்மா கையத் தட்டு’ நீளமான பாட்டு, நடுவில ‘குனித்த புருவமும்’ தேவாரம் வேற வரும். அது போகேக்க என்ர முறை வந்தால் தோள்மூட்டு கழண்டிடும். பிறகு பிபிசி உலக சேவை 2002-ல நடத்தின வாக்கெடுப்பில அது நாலாவது இடம் வந்ததெண்டு கேள்விப்பட்டன். அதுக்கு வாக்குப் போட்டதில எங்கட ஆக்கள் எத்தினை பேரோ.

என்ர மகளுக்கு இந்தக் கதை சொன்னால், ஏன் டவுன்லோட் பண்ணி வைக்கேல்லை எண்டு கேக்கிறாள்.

ஏர்ஹாரன்

அக்கா, படிச்சுட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் எழுதத் தோணலீங்க.

வக்கீல்

உணர்ச்சிக்கு நடுவுல சட்டம் பேசுறேன், மன்னிக்கணும். இந்த மறுபயன்பாட்டு அலையில காசு யாருக்குப் போகுதுன்னு பார்க்கணும். ஒலிப்பதிவோட உரிமை பொதுவா ஆடியோ கம்பெனிகிட்ட. படக்குழு அங்க அனுமதி வாங்கினா போதும்னு நினைக்குது. மெட்டும் வரியும் தனி உரிமைன்னு படைப்பாளி சொல்றார். 2012 காப்புரிமைத் திருத்தச் சட்டம் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் ராயல்டியில பங்கை உறுதிப்படுத்துச்சு. ஆனா 90-கள்ல எழுதின ஒப்பந்தம் எல்லாம் அதுக்கு முந்தினது, சண்டை அங்கதான். 2024 மே மாசம் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ தயாரிப்பாளர்களுக்கு இளையராஜா நோட்டீஸ் அனுப்பினது ஞாபகம் இருக்கும்.

பெரியவங்களுக்கு நோட்டீஸ் அனுப்ப ஆள் இருக்கு. ஆதித்யன் 2017-ல காலமாயிட்டார். இவங்களை மாதிரி ஆட்களோட பாட்டு தியேட்டர்ல கைதட்டல் வாங்கும்போது...

மொட்டைமாடி மன்னன்

ராஜா சார் நோட்டீஸ் பத்தி ஆரம்பிச்சா இந்த இழை 40 பக்கம் போகும். வேண்டாம் சாமி.

மட்டுறுத்துநர்

காப்புரிமைக்குத் தனி இழை இருக்கு, அங்கே தொடருங்க. அது பத்தி இங்கே இனி வர்ற பதிவுகளை நகர்த்திடுவேன்.

கறார்

சரி, கடைசியா ஒரு கேள்வி, நேரா டிரைவர் அண்ணனுக்கு. இப்ப வந்த பாட்டுல எது உங்க பென்டிரைவ்ல பத்து வருஷம் கழிச்சும் இருக்கும்?

ஏர்ஹாரன்

அதை நான் சொல்ல முடியாதுங்க. ஏத்துறது கடைக்காரன், ஆயிரம் பாட்டு ஒரே அடியா ஏத்திக் குடுத்துடறான். அழிக்கறது மட்டும்தான் என் கையில. ஒரு பாட்டுக்கு மூணு தடவை ‘மாத்துங்ணா’ வந்தா அழிச்சுடுவேன். ‘96’ படத்துப் பாட்டு இன்னும் இருக்குது, ராத்திரி கடைசி டிரிப்புக்கு வைப்பேன். மத்தது போகப் போகத்தான் தெரியும்.

ரெக்கார்டிங் சென்டர்

அண்ணே, ‘காதல் கடிதம் வரைந்தேன்’ இருக்கா?

ஏர்ஹாரன்

இருக்குதுங்க, ஆனா யாரோ கேசட்ல இருந்து ஏத்துனதாட்ட இருக்குது. கொஞ்சம் வேகமா ஓடுது, ஸ்வர்ணலதாம்மா சின்னப் புள்ளையாட்டப் பாடறாங்க. நல்லது வச்சிருந்தா அனுப்பி உடுங்க, வெள்ளிக்கிழமை வண்டி எஃப்.சி.க்கு (தகுதிச் சான்று வாங்க) போகுது, அதுக்குள்ள மாத்திப்போடறேன்.

மிக்ஸர்

பழசையும் அழிச்சுடாதீங்க. ரெண்டையும் எனக்கு அனுப்புங்க, எது எவ்வளவு சுருதி ஏறியிருக்குன்னு பார்த்துச் சொல்றேன்.